உப்பு வரியும் உரமூட்டை வரியும்

"விவசாயிங்க வரியே கட்டுறதில்லை. எங்க சம்பளத்துல பிடிக்கிற காசுலதான் நாடே ஓடுது." டவுன்ல பலபேர் இப்படிச் சொல்லிக் கேட்டிருக்கேன். கோபப்பட்டு என்ன ஆகப்போகுது? இந்த நாடு சுதந்திரத்துக்குப் போராடினப்போ வரியைப் பத்தி என்ன பேசினாங்கன்னு கொஞ்சம் திரும்பிப் பார்ப்போம். இதுக்கான பதில் அங்கேயே இருக்கு.

வெள்ளைக்காரன் 1882ல் உப்புச் சட்டம் போட்டான். உப்புக் காய்ச்சுறதும் விற்கிறதும் சர்க்கார் கையில். கடலோரத்துல தானா விளைஞ்சு கிடக்கிற உப்பை ஒரு பிடி அள்ளினாலும் குற்றம்.

இந்த வரியில ரெண்டு அநியாயம் இருந்தது. முதலாவது, கூலிக்காரன் வீட்டு உப்புக்கும் ஜமீன்தார் வீட்டு உப்புக்கும் ஒரே வரி. கணக்குல சமம், சுமையில சமமில்லை. வெயில்ல வேர்வை சிந்துறவனுக்குத்தான் உப்பு அதிகம் தேவை. 1930 மார்ச் 2ம் தேதி காந்தி வைஸ்ராய் இர்வினுக்கு எழுதின கடிதத்தில், பணக்காரனைவிட ஏழைதான் அதிக உப்பு சாப்பிட்டாகணும்னு இதையே சொல்கிறார். அதே கடிதத்தில் இன்னொரு கணக்கும் உண்டு. வைஸ்ராய்க்கு மாசச் சம்பளம் 21,000 ரூபாய், அதாவது ஒரு நாளைக்கு 700 ரூபாய்க்கு மேல். சராசரி இந்தியனுக்கு ஒரு நாள் வருமானம் ரெண்டு அணாகூட இல்லை. நிலவரி குடியானவனை நசுக்குதுன்னும் அதில் எழுதியிருக்கார்.

ரெண்டாவது, அந்த வரியைப் போட யார் சம்மதம் கொடுத்தது? அப்ப சொத்து இருக்கிறவனுக்கும் வரி கட்டுறவனுக்கும்தான் பெரும்பாலும் ஓட்டு. உப்பு வரியை எல்லாரும் கட்டினோம், ஆனா அந்த வரி கணக்கில் சேரலை. அந்த ஓட்டுக்காவது மரியாதை இருந்ததான்னா அதுவும் இல்லை. 1923ல் உப்பு வரியை ரெண்டு மடங்காக்க டெல்லி சட்டசபை ஒத்துக்கலை. வைஸ்ராய் ரீடிங் பிரபு தன்னோட தனி அதிகாரத்தை வச்சு அதை நிறைவேத்தினார்.

அதனாலதான் உப்பு அவ்வளவு பெரிய விஷயமாச்சு. வடக்கே காந்தி தண்டிக்கு நடந்த மாதிரி, நம்ம பக்கம் ராஜாஜி 1930 ஏப்ரல் 13ல் திருச்சியிலிருந்து சுமார் நூறு தொண்டர்களோட கிளம்பினார். தஞ்சாவூர், கும்பகோணம் வழியா வேதாரண்யம். அவங்களுக்குச் சோறு போட்டாலோ தங்க இடம் கொடுத்தாலோ தண்டனைன்னு தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் உத்தரவு போட்டார். ஆனாலும் ஜனங்க சோத்துப் பொட்டலத்தை வழியில மரக்கிளைகளில் கட்டி வச்சாங்க. வேதாரண்யத்தில் உப்பு அள்ளின ராஜாஜியை ஏப்ரல் 30ல் கைது பண்ணினாங்க. அந்த வரி ஒருவழியா 1947ல் இடைக்கால அரசு காலத்தில்தான் ஒழிஞ்சது.

1950 ஜனவரி 26ல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டம் இந்த ரெண்டு அநியாயத்துக்கும் பதில் சொன்னது. 265ம் பிரிவு: சட்டத்தின் அதிகாரம் இல்லாமல் எந்த வரியும் போடவோ வசூலிக்கவோ கூடாது. 326ம் பிரிவு: வயது வந்த எல்லாருக்கும் ஓட்டு. வரிக்கும் ஓட்டுக்கும் இருந்த முடிச்சை அவிழ்த்துட்டாங்க. அதுக்கு ரெண்டு மாசம் முன்னாடியே அம்பேத்கர் எச்சரிச்சார்: அரசியலில் சமத்துவம் வந்துடும், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும், அந்த முரண்பாட்டோடதான் நாம் உள்ளே போறோம்னு.

இப்ப இன்னைக்கு வருவோம். விவசாய வருமானத்துக்கு வருமான வரி கிடையாது, நிஜம்தான். இந்த விலக்கு நேத்து வந்த சலுகை இல்லை. 1886 வருமான வரிச் சட்டத்திலேயே இருக்கு. நிலத்துக்கு ஏற்கெனவே தீர்வை வாங்கிட்டிருந்தாங்க.

ஆனா 2017 ஜூலை 1ல் ஜிஎஸ்டி வந்தது. உப்புக்கு வரி இல்லை, அந்த மட்டும் நல்லது. உரத்துக்கு 5 சதவீதம், ரசாயனப் பூச்சிமருந்துக்கு 18 சதவீதம். டீசல் ஜிஎஸ்டியில் வராது. அதுக்கு மத்திய அரசு கலால் வரி, மாநில அரசு வாட் வரி. ஒரு கம்பெனி தான் வாங்கின பொருளுக்குக் கட்டின ஜிஎஸ்டியை, விற்கும்போது கட்ட வேண்டிய வரியில் கழிச்சுக்கும். நாங்க விற்கிற நெல்லுக்கு வரி இல்லைங்கிறதால கழிக்க வழியில்லை. விலையில் ஏத்திக்கலாம்னா, கொள்முதல் நிலையத்தில் விலையை நிர்ணயிக்கிறது நாங்க இல்லை. கடைசியில் அந்த வரி எங்க தலையிலேயே நிக்குது. உங்க வரி சம்பளச் சீட்டில் தெரியுது, எங்க வரி மூட்டை விலைக்குள்ள ஒளிஞ்சிருக்கு.

மானியம் வாங்கறதை மறைக்கலை. உரத்துக்கும் உண்டு, பம்புசெட் கரண்டுக்கும் உண்டு. அதே மாதிரி, ரெண்டு ஏக்கர்காரனுக்கு இருக்கிற வருமான வரி விலக்கு, கோடியில் சம்பாதிக்கிற பெரிய பண்ணைக்காரருக்கும் இருக்கு. அது சமத்துவமான்னு கேட்டா, இல்லைன்னுதான் நானும் சொல்வேன். அதைத் திருத்துறது மாநில அரசுகள் கையில். விவசாய வருமானத்துக்கு வரி போடுற அதிகாரம் அவங்களுக்குத்தான்.

சம்மதம்ங்கிற விஷயத்துலயும் ஒரு குறை இருக்கு. ஜிஎஸ்டி கவுன்சிலில் மத்திய அரசின் ஓட்டுக்கு மூணில் ஒரு பங்கு மதிப்பு, எல்லா மாநிலமும் சேர்ந்தா மூணில் ரெண்டு. முடிவெடுக்க நாலில் மூணு பங்கு வேணும். அதாவது எல்லா மாநிலமும் கை தூக்கினாலும் மத்திய அரசு வேண்டாம்னா நடக்காது. நான் ஓட்டுப் போட்டு அனுப்பின சட்டமன்றம் நடைமுறையில் உரமூட்டை வரியை ஒரு சதவீதம்கூடத் தனியா குறைக்கிறதில்லை.

வரி கட்டாதவன் கேள்வி கேட்கக்கூடாதுன்னு நினைக்கிறது வெள்ளைக்காரன் காலத்து ஓட்டுக் கணக்கு. அதை 1950லேயே கிழிச்சுப் போட்டாச்சு. நாங்க வரி கட்டாட்டியும் கேள்வி கேட்கலாம். கட்டவும் செய்யறோம்ங்கிறதுதான் உண்மை.