ஒப்புதல்

‘ஒ’ என்றால் பொருந்து. ஒத்தல், ஒப்பு, கையொப்பம் எல்லாம் அதன் பிள்ளைகள், ஒப்பாரியும்கூட. வானூர் செல்போன் கடையில் உப்பளத்துப் பெரியவர் ஒருவர். தேய்ந்துபோன கட்டைவிரல் ரேகை மிஷினில் விழவில்லை. “இருங்க தாத்தா” என்ற கடைப்பையன், திரையில் ஓடிய நிபந்தனைகளுக்குத் தானே ‘சம்மதம்’ தட்டிவிட்டான். ‘ஒப்புக்குச் சப்பாணி’ என்கிறோமே, அந்த ஒப்பு!

2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் கேட்பது மூத்த பொருளை: தானாக, விவரம் தெரிந்து, ஐயமின்றித் தருவது. ஒப்புதலுக்கான அறிவிப்பைத் தமிழிலேயே கேட்கலாம். ஒப்புதலைக் கொடுத்த சுலபத்திலேயே திரும்பப் பெறவும் செய்யலாம். விதிகள் 2025 நவம்பரில் வந்துவிட்டன. ஒப்புதல் பிரிவுகள் அமலாக மட்டும் அதிலிருந்து 18 மாதம்.