குற்ற வழக்குகளில் காலவரம்பு

ஒரு குற்றம் நிகழ்ந்தபின் எவ்வளவு காலத்துக்குள் அதன்மீது வழக்குத் தொடுக்க வேண்டும் என்று சட்டம் விதிக்கும் எல்லையே குற்ற வழக்குகளில் காலவரம்பு எனப்படுகிறது. கடன், சொத்து முதலிய உரிமையியல் வழக்குகளுக்கான எல்லையை 1963ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் வகுக்கிறது. குற்ற வழக்குகளுக்கு அத்தகைய பொது விதி 1898ஆம் ஆண்டின் குற்ற விசாரணை முறைச் சட்டத்தில் இல்லை. 1974 ஏப்ரல் 1 அன்று நடைமுறைக்கு வந்த 1973ஆம் ஆண்டுச் சட்டமே 467 முதல் 473 வரையிலான பிரிவுகளில் அதைச் சேர்த்தது. அதற்கு மாற்றாக 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, அவ்விதிகளைப் பெரும்பாலும் அப்படியே 513 முதல் 519 வரையிலான பிரிவுகளில் ஏற்றுக்கொண்டுள்ளது. காலம் செல்லச் செல்லச் சாட்சிகளின் நினைவு மங்குகிறது, ஆவணங்கள் அழிகின்றன. சிறு குற்றத்துக்காக ஒருவரை ஆண்டுக்கணக்கில் வழக்கின் அச்சத்தில் வைத்திருப்பதும் நீதிக்கு ஒவ்வாது. இவையே காலவரம்பின் அடிப்படை நியாயங்கள்.

கால அளவுகள்

காலவரம்பை முடிவுசெய்வது, குற்றத்துக்குச் சட்டம் விதித்துள்ள அதிகபட்சத் தண்டனையே. அபராதம் மட்டுமே விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஆறு மாதம், ஓராண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கு ஓராண்டு, அதற்கு மேல் மூன்றாண்டு வரை சிறை விதிக்கத்தக்க குற்றத்துக்கு மூன்றாண்டு என்பது அளவு. மூன்றாண்டுக்கு மேல் சிறைத்தண்டனை விதிக்கத்தக்க கொலை, கொள்ளை போன்ற கடுங்குற்றங்களுக்குக் காலவரம்பே இல்லை. இயல்பாக மூன்றாண்டு வரம்புக்குள் வரக்கூடிய குற்றங்களாயினும், 1974ஆம் ஆண்டின் தனிச்சட்டம் ஒன்றில் பட்டியலிடப்பட்டுள்ள பொருளாதாரக் குற்றங்களுக்கு இவ்வரம்பு பொருந்தாது.

போக்குவரத்துக் குற்றங்கள்

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டத்தின் கீழான குற்றங்களுக்கும் இதே அளவுகோல் பொருந்துவதால், சாலையில் நிகழும் எல்லா விதிமீறல்களுக்கும் ஒரே காலவரம்பு இல்லை. தலைக்கவசம் அணியாமை, அதிவேகமாக ஓட்டுதல் ஆகியவற்றின் முதல் குற்றம் அபராதத்துக்கு மட்டுமே உரியது என்பதால் ஆறு மாத வரம்புக்குள் வருகிறது. உரிமமின்றி ஓட்டுதலுக்கு மூன்று மாதம் வரையும், குடிபோதையில் முதன்முறை ஓட்டுதலுக்கு ஆறு மாதம் வரையும் சிறை உண்டு என்பதால் அவற்றுக்கு ஓராண்டு. குடிபோதைக் குற்றத்தை மீண்டும் செய்தவருக்கு இரண்டாண்டு வரை சிறை உண்டு என்பதால் மூன்றாண்டு. சிவப்பு விளக்கைத் தாண்டியதோ ஓட்டும்போது கைப்பேசியைப் பிடித்துப் பேசியதோ 184ஆம் பிரிவின்படி ஆபத்தான ஓட்டுதலாக வழக்கானால், முதல் குற்றத்துக்கு ஓராண்டு வரம்பு பொருந்தும்.

இவற்றோடு அறிவிப்புக்கான குறுகிய கெடுக்களும் உள்ளன. அதிவேகம், ஆபத்தான ஓட்டுதல் ஆகியவற்றில், வழக்குத் தொடரப்படலாம் என்று ஓட்டுநரை அப்போதே எச்சரித்திருக்க வேண்டும். இல்லையேல் 14 நாட்களுக்குள் அவருக்கோ வாகன உரிமையாளருக்கோ அறிவிப்பு அனுப்பியிருக்க வேண்டும், அல்லது 28 நாட்களுக்குள் அழைப்பாணை சேர்ப்பித்திருக்க வேண்டும் என்கிறது 209ஆம் பிரிவு. கேமராவில் பதிவாகும் விதிமீறல்களுக்கு 15 நாட்களுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும் என்று 2021 ஆகஸ்டில் அறிவிக்கப்பட்ட 167ஏ விதி கூறியது.

சாலை விபத்தில் அலட்சியத்தால் மரணம் விளைவிப்பதற்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இரண்டாண்டு வரையே சிறை இருந்ததால் மூன்றாண்டு வரம்பு பொருந்தியது. அச்சட்டத்துக்கு மாற்றாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆம் பிரிவு அத்தண்டனையை ஐந்தாண்டு வரை உயர்த்தியதால் அவ்வரம்பு நீங்கியது.

கணக்கிடும் முறை

காலம் பொதுவாகக் குற்றம் நிகழ்ந்த நாளிலிருந்து ஓடத் தொடங்கும். தொடங்கும் நாள் கணக்கில் சேராது. குற்றம் நிகழ்ந்ததே தெரியாதிருந்தால் பாதிக்கப்பட்டவரோ காவல் அதிகாரியோ அறிந்த நாளிலிருந்தும், குற்றவாளி யாரெனத் தெரியாதிருந்தால் அவர் அடையாளம் தெரிந்த நாளிலிருந்தும் அது தொடங்கும். குற்றவாளி தலைமறைவாக இருந்த காலமும், நீதிமன்றத் தடையாணை நடப்பிலிருந்த காலமும் கழிக்கப்படும். தொடர்ந்து நிகழும் குற்றத்தில் ஒவ்வொரு கணமும் புதிய காலவரம்பு தொடங்குகிறது.

வரம்பு முடிவதற்குள் நிகழ வேண்டியது எது என்பதில் நெடுங்காலம் கருத்து வேறுபாடு இருந்தது. நீதித்துறை நடுவர் வழக்கைக் கோப்புக்கு எடுக்கும் நாளைக் கொள்ளாமல், புகார் தாக்கலான நாளையோ வழக்குத் தொடரப்பட்ட நாளையோதான் கொள்ள வேண்டும் என்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு 2013 நவம்பரில் தீர்ப்பளித்தது. உரிய காலத்தில் நீதிமன்றம் வந்தவர் நீதிமன்றத்தின் தாமதத்துக்காக உரிமை இழக்கலாகாது என்பதே இதன் கருத்து. பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, நடுவரிடம் புகார் தாக்கலான நாளையோ காவல் நிலையத்தில் தகவல் பதிவான நாளையோ கொள்ள வேண்டும் என்று வெளிப்படையாகவே கூறுகிறது.

வரம்பின் எல்லை

காலவரம்பு வழக்கின் தொடக்கத்தை மட்டுமே கட்டுப்படுத்துகிறது. தீர்ப்பில் விதிக்கப்பட்டுச் செலுத்தப்படாத அபராதத்தைத் தீர்ப்பு நாளிலிருந்து ஆறாண்டுகள் வரை வசூலிக்கலாம். தாமதத்துக்குத் தக்க விளக்கம் இருந்தாலும், நீதியின் நலனுக்குத் தேவைப்பட்டாலும், வரம்பு கடந்த வழக்கையும் நீதிமன்றம் ஏற்கலாம். எனவே பழைய போக்குவரத்துச் செல்லான் காலம் கடந்ததாலேயே செல்லாததாகிவிடாது. அது எந்தப் பிரிவின் கீழானது, அப்பிரிவின் அதிகபட்சத் தண்டனை என்ன, வழக்கு எந்த நாளில் தொடரப்பட்டது என்பவற்றைப் பொறுத்தே அதன் செல்லுபடி முடிவாகிறது.