கூறை பறித்த வழி: பூண்டிப் பதிகமும் சேக்கிழாரின் வாசிப்பும்

திருப்பூரிலிருந்து அவிநாசிக்குப் போகிறவர் திருமுருகன்பூண்டியைக் கடந்துதான் போகவேண்டும். சேரமான் பெருமாள் கொடுத்தனுப்பிய பொருளைச் சுந்தரர் இங்கே வேடர்களிடம் பறிகொடுத்தார், கோயிலில் நின்று பாடினார், பொருள் திரும்பி வந்தது. இந்தப் பக்கத்தில் அறியாதவர் இல்லாத கதை. மாசித் தேரையொட்டி வேடுபறி விழாவாக நடத்தியும் காட்டுகிறார்கள். பதிகத்தைப் படிப்பவர்களும் இதை மனத்தில் வைத்துக்கொண்டே படிக்கிறார்கள். கதையை எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் படித்தால் தெரிவது வேறொரு பூண்டி.

ஏழாம் திருமுறையில் 49ஆம் பதிகம் அது. முதல் நான்கு பாட்டிலும் வழிப்பறி நடக்கிறது. வில்லோடு வந்து வெருட்டுகிறார்கள், கல்லால் அடிக்கிறார்கள், பசுவைக் கொன்று தின்கிறார்கள். நான்கிலும் பறிபோவது ஒரே பொருள்தான்: கூறை, அதாவது உடுத்தும் துணி. பொன்னும் மணியும் போனதாக அங்கே ஒரு சொல்லும் இல்லை. ஐந்தாம் பாட்டிலிருந்து பேச்சு இறைவன் பக்கம் திரும்பிவிடுகிறது. இப்படிப்பட்ட இடத்தில் உமக்கு என்ன வேலை என்ற தொனியில் ஒரே கேள்வி பாட்டுக்குப் பாட்டு வருகிறது. போனதைத் திருப்பித் தா என்ற வேண்டுதல் இல்லை. வந்து சேர்ந்ததற்கு நன்றியும் இல்லை.

சேக்கிழாருடன் எனக்குள்ள வழக்கு இங்கேதான் தொடங்குகிறது. இரண்டாம் குலோத்துங்கன் காலத்து அமைச்சர் அவர், 12ஆம் நூற்றாண்டு. சுந்தரர் காலம் இன்னும் தீராத வழக்கு. அவர் பாடும் பல்லவ மன்னன் கழற்சிங்கனை இராசசிம்மன் என்று கொண்டால் 8ஆம் நூற்றாண்டின் முற்பகுதி. மூன்றாம் நந்திவர்மன் என்று கொண்டால் 9ஆம் நூற்றாண்டு. எப்படிப் பார்த்தாலும் இருவருக்கும் இடையே ஏறத்தாழ 300 ஆண்டாவது இருக்கும். சேக்கிழாரின் பெரியபுராணத்தில் கூறை பண்டாரமாகிவிடுகிறது. ஆளாளாகச் சுமந்து வரும் பெருஞ்செல்வம். வேடர்கள் சிவபூதங்களாகிவிடுகிறார்கள். தம் தோழர் பிறர் கையால் பொருள் பெறக் கூடாது, தாமே கொடுக்கவேண்டும் என்பதற்காக இறைவன் ஏவிய பூதங்கள். பறித்தவை எல்லாம் கோயில் வாயிலுக்கே வந்து சேர்கின்றன.

கதையாக இது அழகு, அதை மறுப்பதற்கில்லை. ஆனால் ‘உமக்கு இங்கே என்ன வேலை’ என்ற கேள்வியைச் சேக்கிழார் கேள்வியாக விட்டுவைக்கவில்லை, விடை எழுதிவிட்டார். ஆபத்தான வழி திருவிளையாடல் நடந்த களமாயிற்று. இதற்கு அவர் காலத்துச் சூழலும் இடம் கொடுத்திருக்கும். 10ஆம் நூற்றாண்டிலேயே கொங்கு சோழர் செல்வாக்குக்குள் வந்துவிட்டது. சேக்கிழார் எழுதும்போது இங்கே கொங்குச் சோழர் ஆட்சி. வழியில் பயம் குறைந்த பிறகுதான் வழிப்பறியை விளையாட்டாகச் சொல்ல வரும் என்பது என் ஊகம்.

பொருள் மீண்டதைச் சுந்தரர் சொல்லாமல் விட்டிருக்கலாமே என்று கேட்கலாம். அதற்கு அவருடைய அவிநாசிப் பதிகத்தையே, 92ஆவதையே, சாட்சிக்கு அழைக்கிறேன். முதலை விழுங்கிய பிள்ளையைத் தரச் சொல்லும் வேண்டுதல் அதன் நான்காம் பாட்டில் வெளிப்படையாகவே இருக்கிறது. கேட்க நினைத்தால் கேட்டுவிடுகிறவர் அவர். அந்தக் கதையில் சேக்கிழாருக்குப் பதிகத்தின் ஆதாரம் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். பூண்டியில் அது இல்லை.

அந்த அவிநாசிப் பதிகத்தின் மூன்றாம் பாட்டுதான் எனக்கு இன்னும் முக்கியம். பெருமானை நினைத்தால் கொங்குக்குள் நுழைந்தாலும் கூறை பறித்து வழிமறிப்பவர் இல்லை என்பது அதன் கருத்து. மறுபடியும் அதே கூறை, அதே வழிமறிப்பு. ஆக, கூறை பறிபோவது சுந்தரருக்கு ஒருநாள் நேர்ந்த நிகழ்ச்சி என்பதைவிட, கொங்கு என்றதும் வழிப்போக்கர் வாயில் வந்த பேச்சு என்று கொள்வதே பொருந்தும். கொங்குக்கு எழுத்தில் கிடைக்கும் பழைய முகங்களில் ஒன்று இப்படி வெளியூர்க்காரர் ஒருவர் எழுதியது. சுந்தரர் பிறந்தது திருநாவலூர், வாழ்ந்தது திருவாரூர்.

வழி என்றால் எந்த வழி? பாலக்காட்டுக் கணவாய் வழியாகச் சேரநாட்டிலிருந்து நொய்யலை ஒட்டிக் கிழக்கே போகும் பாதை. பதிற்றுப்பத்துச் சொல்லும் கொடுமணம் அந்த ஆற்றங்கரைக் கொடுமணல்தான். அகழாய்வில் மணித்தொழிலும் இரும்புத்தொழிலும் வெளிப்பட்ட இடம். 1860களின் தொடக்கத்தில் ரயில் பாதை போட்டவர்களும் அந்தக் கணவாயைத்தான் பிடித்தார்கள். ஆனால் பூண்டிப் பதிகம் சொல்வது வடுக வேடர். வடுகர் வடக்கேயிருந்து வந்தவர்கள் என்றால், கசலட்டிக் கணவாயில் இறங்கிச் சத்தியமங்கலம் வழியாக வரும் மைசூர்ப் பாதையும் அவிநாசிப் பக்கத்தில் இதைச் சந்தித்தது என்று வாதிடுவேன். இரண்டு பெரும்பாதை கூடும் இடத்தில்தான் கொள்ளைக்கு ஆள் காத்திருப்பான். ஒரே ஓர் அடைமொழியை வைத்து இவ்வளவு கட்டுவது துணிச்சல்தான். ‘வடுக’ என்பது வெறும் வசையாக இருந்தால் என் வாதம் விழுந்துவிடும்.

ஓர் ஊரைப் பற்றி வெளியே எழுதிய கதைக்கும் ஊர் தானே சொல்லும் கதைக்கும் உள்ள இடைவெளிக்குச் சப்பானில் நல்ல இணை உண்டு. அரசவை 712இல் தொகுத்த கொஜிகியில், இசுமோ நாட்டில் சுசானோ தெய்வம் எட்டுத்தலைப் பாம்பைக் கொல்கிறது. மறு ஆண்டே ஒவ்வொரு நாட்டின் ஊர்ப்பெயர்க் காரணமும் பழங்கதையும் எழுதி அனுப்ப ஆணை போனது. அதன்படி 733இல் முடிந்த இசுமோ ஃபுதோகியில் அந்தப் பாம்புக் கதை இல்லை. கடலுக்கு அப்பாலிருந்த நிலத்தைக் கயிறு கட்டி இழுத்து வந்து ஒட்டிய கதை இருக்கிறது. அது கொஜிகியில் இல்லை. தலைநகரம் ஓர் ஊரைப் பற்றிச் சொல்வது ஒன்று, ஊர் தன்னைப் பற்றிச் சொல்வது ஒன்று. நம் பக்கத்தில் சேக்கிழார் சொன்னதை ஊரே தன் கதையாக எடுத்துக்கொண்டது.

திருப்பூர் என்ற பெயருக்குச் சொல்லும் காரணமும் இதனோடு சேர்த்துப் பார்க்கத் தக்கது. தாராபுரத்தைப் பாரதத்து விராடபுரம் என்பார்கள். கவர்ந்து சென்ற ஆநிரையை அருச்சுனன் திருப்பிய ஊர் திருப்பூர் என்பார்கள். இந்தப் பெயர்க்காரணம் பூண்டிக் கதைக்கு முந்தியதா பிந்தியதா என்பதை முடிவுகட்ட முடியாது. அவிநாசியின் பழம்பெயர் திருப்புக்கொளியூரும் காதுக்குத் ‘திருப்பு’ என்றே தொடங்குகிறது, அங்கே பிரிவது திரு, புக்கொளியூர் என்றாலும். பொருள், பிள்ளை, மாடு: அடுத்தடுத்த மூன்று ஊரிலும் போனது திரும்பி வருகிறது.

இன்று பூண்டியைச் சுற்றிப் பனியன் கம்பெனிகள். கூறையிலிருந்து பனியனுக்குக் கோடு போட யாருக்கும் ஆசை வரும். நான் போடமாட்டேன், நடுவே ஆயிரம் ஆண்டு வெறுமையாகக் கிடக்கிறது. ஆனால் பூண்டிப் பதிகத்தின் நான்காம் பாட்டில் ஒரு விவரம் உண்டு. பறிக்க வந்தவர்கள் உடுத்தியிருந்ததும் கூறைதான், கிழிந்த கூறை. மழைமறைவு நிலத்தில் உடுக்கத் துணி இல்லாதவன் வழிப்போக்கன் துணிக்குக் கை நீட்டுகிறான். பெரியபுராணத்துப் பூதங்களுக்கு இந்தக் கிழிசல் தேவைப்படவில்லை.