முக்காடிட்ட மரியாளும் பெயரற்ற பெண்களும்

ஹட்டனிலிருந்து டிக்கோயா, நோர்வூட் வழியாகப் பொகவந்தலாவை செல்லும் நேயர்கள் அங்குள்ள சென். மேரிஸ் தேவாலயத்தைப் பார்த்திருப்பார்கள். அதன் மயானத்தில் உலகப் புகழ்பெற்ற புகைப்படக் கலைஞர் ஒருவர் உறங்குகிறார். பெயர் ஜூலியா மார்கரட் கமரன். 1815 இல் கல்கத்தாவிற் பிறந்தவர். 1879 இல் டிக்கோயாப் பகுதித் தோட்டமொன்றில் காலமானார். கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவின் கமரன் இவருடைய கணவரே. அவருக்கு இங்கே கோப்பித் தோட்டங்கள் இருந்தன.

நாற்பத்தெட்டாவது வயதிலேதான் இந்த அம்மையாருக்குக் கமரா கிடைத்தது. இங்கிலாந்தில் அவர் எடுத்த பெண்களின் படங்களில் முக்காடு திரும்பத் திரும்ப வருகிறது. மேலைநாட்டு ஓவிய மரபில் அது தேவமாதாவின் அடையாளம். தூய்மைக்கும் தாய்மைக்கும் குறியீடு. கமரன் அதை யாருக்கு அணிவித்தார் என்பதுதான் சுவையானது. தம் வீட்டுப் பணிப்பெண் மேரி ஹில்லியருக்கு! ஒரு துணியைத் தலையிற் போட்டதும் வேலைக்காரி மாதாவானாள். ஊராரும் அவளை 'மேரி மடோனா' என்றே அழைத்தார்களாம்.

1875 இல் கமரன் குடும்பம் இலங்கைக்கு வந்தது. 1877 இல் களுத்துறையில் விருந்தாளியாகத் தங்கிய ஓவியர் மரியான் நோர்த்துக்குக் காஷ்மீரச் சால்வை போர்த்திப் படமெடுத்தார் கமரன். இங்குள்ள உழைக்கும் பெண்களையும் எடுத்தார். அழகான படங்கள்தாம். ஆனால் நான் அச்சிற் கண்டவற்றில் அந்த மரியாளின் முக்காடு எவர் தலையிலும் இல்லை. 'இளம் பெண், இலங்கை', 'களுத்துறைக் குடியானவர்' என்பன போன்ற தலைப்புகள் மட்டுமே உள்ளன. இங்கிலாந்துப் பணிப்பெண்ணுக்குப் பெயரும் கிடைத்தது, தெய்வக் கோலமும் கிடைத்தது. நம்மவளுக்கு இரண்டும் இல்லை. கலைஞரின் கருணைக்கும் ஓர் எல்லை இருந்தது என்றே எனக்குப் படுகிறது.

நம் பெண்களின் தலையிலும் துணி இருந்ததே! மழைக்கும் பனிக்கும் கம்பளியைக் கொங்காணியாக மடித்துப் போட்டார்கள். அந்தக் கம்பளியின் விலையும் அவர்கள் கணக்கிலே பற்று எழுதப்பட்டது. கோப்பி அழிந்து தேயிலை வந்தபின், கூடைக் கயிறு தலையில் அழுந்தாதிருக்கவும் துணி வேண்டியிருந்தது. பிற்காலத் தபாலட்டைகளும் தேயிலை விளம்பரங்களும் அந்தத் துணியைத்தான் பிடித்துக்கொண்டன. வண்ணம் கூட்டி, சிரிக்கும் முகத்தின் மேல் சுற்றி, இலங்கைத் தேயிலையின் அடையாளமாக்கின. அந்தப் படங்களின் அடியிலும் தேயிலையின் பெயர் இருக்கும், பெரும்பாலும் கம்பனியின் பெயரும் இருக்கும். கொழுந்து கிள்ளுகிறவளின் பெயர் இராது.