இறந்தவர் மீது வழக்கு

2019 டிசம்பர் 6, வெள்ளிக்கிழமை. ஆபீஸ் பஸ்ஸில் ஏறும்போதே போன் விடாமல் அதிர்ந்துகொண்டிருந்தது. ஹைதராபாத் அருகே ஓர் இளம் கால்நடை மருத்துவரை வன்புணர்ந்து கொன்று எரித்ததாகக் கைதான நான்கு பேரும் அன்று விடிகாலையில் போலீஸாரால் சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்கள். இடம் சட்டன்பள்ளி. அந்தப் பெண்ணின் எரிந்த உடல் கிடைத்த பாலத்துக்குப் பக்கத்திலேயே.

கொஞ்ச நேரத்தில் வீடியோக்கள் வந்தன. பாலத்தின் மேல் கூடிய ஜனங்கள் கீழே நிற்கும் போலீஸார் மீது பூ தூவுகிறார்கள். எங்கள் டீமில் ஒருவர் ஸ்வீட் பாக்ஸோடு வந்தார். நானும் ஒரு மைசூர்பாகு எடுத்துக்கொண்டேன். கல்லூரி நண்பர்கள் குழுவில், "சூப்பர்டா, இப்படித்தான் பண்ணணும்" என்று தட்டிவிட்டேன். அந்த மெசேஜ் இன்னும் அழியாமல் கிடக்கிறது. இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம்.

அன்றைய சந்தோஷத்தை வெறும் ரத்தவெறி என்று ஒதுக்கிவிட முடியாது. 2012 டிசம்பரில் டெல்லி பஸ்ஸில் நடந்த கொடூரத்துக்கு 2019 டிசம்பரிலும் தண்டனை நிறைவேறியிருக்கவில்லை. அந்தக் குற்றவாளிகள் தூக்கிலிடப்பட்டது 2020 மார்ச் 20 அன்றுதான். "கேஸு, வாய்தான்னு இழுத்துக்கிட்டே இருப்பாங்க, சார்" என்று டீக்கடையில் சொல்பவரிடம் சட்டப் புத்தகத்தை நீட்டி வாயடைக்க முடியாது. கோர்ட்டுகளின் தாமதம் விட்ட இடத்தில்தான் துப்பாக்கி வந்து உட்காருகிறது.

ஆனால் போலீஸ் சொன்ன கதையை யோசித்துப் பாருங்கள். விசாரணைக்காகச் சம்பவ இடத்துக்கு அழைத்துப் போனோம். கல்லாலும் கட்டையாலும் தாக்கினார்கள். இரண்டு துப்பாக்கிகளைப் பிடுங்கிச் சுட்டார்கள். வேறு வழியில்லாமல் திருப்பிச் சுட்டோம். நான்கு பேரும் செத்தார்கள். ஸ்வீட் எடுத்துக்கொண்டபோது இதை நான் நம்பினேனா? இல்லை. குழுவில் இருந்த யாருமே நம்பவில்லை. நம்பாததால்தான் "சூப்பர்" என்றோம். நிஜமாகவே தற்காப்புக்காகச் சுட்டிருந்தால் பாராட்ட அதில் என்ன இருக்கிறது?

தமிழ்நாட்டில் நமக்கு இந்த விளையாட்டு நன்றாகவே பழக்கம். கைதானவர் பாத்ரூமில் வழுக்கி விழுவார். மறுநாள் மாவுக்கட்டோடு போட்டோ வரும். நாம் மீம் போடுவோம். சொல்பவருக்கும் அது பொய் என்று தெரியும், கேட்பவருக்கும் தெரியும். என்கவுன்டர் கதை அந்தப் பாத்ரூம் கதைக்கு அண்ணன்.

*

புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. ஒரே துண்டு திரும்பத் திரும்ப வந்தால் உடனே கண்ணில் படும், இது காப்பி-பேஸ்ட் என்று மனசு சொல்லும். என்கவுன்டர்களின் வரலாற்றைப் படிக்கும்போது எனக்கு அப்படித்தான் ஆனது. ஊரும் பெயரும் மாறுகின்றன, கதை மாறுவதில்லை.

இந்தக் கதை முறையான விசாரணைக்கு உள்ளான ஆரம்ப கால இடங்களில் ஒன்று ஆந்திரா. அவசரநிலைக் காலத்தில் நக்சல்கள் என்று சொல்லப்பட்ட பலர் அங்கே 'மோதலில்' இறந்தார்கள். 1977-ல் ஜெயப்பிரகாஷ் நாராயண் முன்முயற்சியில் வி.எம். தார்குண்டே தலைமையில் ஒரு குழு ஊர் ஊராகப் போய் விசாரித்தது. பிடித்து வைத்திருந்தவர்களைச் சுட்டுவிட்டு மோதல் என்று எழுதியிருக்கிறார்கள் என்பதே அது வந்தடைந்த முடிவு. வழக்கறிஞர் கே.ஜி. கண்ணபிரான் போன்றவர்கள் அதன்பின் பல பத்தாண்டுகள் இதே கேள்வியை நீதிமன்றங்களில் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அவர்கள் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்த ஒரு நடைமுறையைப் படித்தபோது நான் கொஞ்ச நேரம் திரையை வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். என்கவுன்டர் முடிந்ததும் எஃப்.ஐ.ஆர். போடப்படும். யார் மேல்? செத்தவர் மேல். போலீஸாரைக் கொல்ல முயன்றதாக, இந்திய தண்டனைச் சட்டம் 307-வது பிரிவில். அப்புறம், குற்றம் சாட்டப்பட்டவர் உயிரோடு இல்லாததால் வழக்கு அற்றுப்போனது என்று எழுதிக் கோப்பை மூடிவிடுவார்கள். ஒரு மனிதன் செத்திருக்கிறான், கோப்பில் அவன்தான் குற்றவாளி. கொன்றவர் சாட்சி, புகார்தாரர், பல நேரம் விசாரிப்பவரும் அவருடைய சக ஊழியர்.

சட்டம் இதற்கு இடம் கொடுக்கிறதா? 1898-ஆம் வருடத்துக் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 46-வது பிரிவு, கைதை எதிர்ப்பவரைப் பிடிக்கத் தேவையான எல்லா வழிகளையும் பயன்படுத்தலாம் என்கிறது. கூடவே ஒரு கடிவாளமும் போடுகிறது: மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ விதிக்கத்தக்க குற்றம் சாட்டப்படாதவரைச் சாகடிக்க இந்தப் பிரிவு உரிமை தராது. 1973-ன் சட்டத்திலும் இப்போதைய பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவிலும் அதே வரி தொடர்கிறது. தற்காப்பைப் பொறுத்தவரை உங்களுக்கும் எனக்கும் இருக்கும் அதே உரிமைதான் போலீஸ்காரருக்கும். நான் ஒருவரைச் சுட்டுக் கொன்றுவிட்டுத் தற்காப்பு என்று சொன்னால், அதை நான்தான் கோர்ட்டில் நிறுவ வேண்டும். காக்கிச் சட்டை மட்டும் எஃப்.ஐ.ஆரிலேயே நிறுவிவிடுகிறது.

1997 மார்ச்சில் தேசிய மனித உரிமை ஆணையத் தலைவர் நீதிபதி எம்.என். வெங்கடாசலய்யா எல்லா முதலமைச்சர்களுக்கும் கடிதம் எழுதினார். சுட்டது அந்த ஸ்டேஷன் போலீஸ் என்றால் விசாரணையை சி.ஐ.டி. போன்ற வேறு அமைப்பிடம் கொடுங்கள் என்பது அதன் சாரம். கேட்டது அவ்வளவுதான், கதை எழுதும் பேனாவைக் கொன்றவர் கையிலிருந்து வாங்கிவிடுங்கள் என்பது. இந்த விஷயத்தில் அதன்பின் நடந்த எல்லாச் சண்டையும் அந்தப் பேனாவுக்கானதுதான்.

*

அந்தப் பேனா ஒருமுறை கை மாறியது. 2006 நவம்பர் 11. மும்பையை ஒட்டிய வாஷியில் லக்கன் பையா என்றழைக்கப்பட்டவரையும் அவருடைய நண்பர் ஒருவரையும் போலீஸார் பிடித்துப் போகிறார்கள். லக்கன் பையாவின் சகோதரர் வழக்கறிஞர். அடுத்து என்ன நடக்கும் என்று அவருக்குத் தெரியும். அன்று மதியமே போலீஸ் உயர் அதிகாரிகளுக்குத் தந்தியும் ஃபேக்ஸும் அனுப்புகிறார்: என் சகோதரனைப் பிடித்துப் போயிருக்கிறார்கள், உயிருக்கு ஆபத்து. மாலையில் வெர்சோவா பகுதியில் மோதலில் லக்கன் பையா சாவு என்று செய்தி வருகிறது.

வழக்கமான கதைதான். ஆனால் இந்த முறை அதற்கு முன்பாகவே இன்னொரு கதை, நேரம் குறிக்கப்பட்டு, அரசாங்கத்தின் கையிலேயே போய்ச் சேர்ந்திருந்தது. 2013 ஜூலையில் செஷன்ஸ் நீதிமன்றம் 13 போலீஸார் உட்பட 21 பேருக்கு ஆயுள் தண்டனை விதித்தது. அப்போது விடுவிக்கப்பட்ட, 'என்கவுன்டர் ஸ்பெஷலிஸ்ட்' என்று பெயரெடுத்த பிரதீப் சர்மாவுக்கும் 2024 மார்ச்சில் பம்பாய் உயர் நீதிமன்றம் ஆயுள் தண்டனை கொடுத்தது. கூடப் பிடிக்கப்பட்ட அந்த நண்பர், முக்கியச் சாட்சி, 2011-ல் சாட்சி சொல்லும் முன் காணாமல் போய்ப் பிணமாகக் கிடைத்தார். இன்னொன்று, இந்தியாவில் தந்தி சேவை நிறுத்தப்பட்டதும் அதே 2013 ஜூலையில்தான்.

எல்லார் வீட்டிலும் வக்கீல் இருக்க மாட்டார். 1995-லிருந்து 1997 வரை மும்பையில் நடந்த 99 என்கவுன்டர்கள், அவற்றில் செத்த சுமார் 135 பேர் பற்றிய வழக்கில் 2014 செப்டம்பர் 23 அன்று உச்ச நீதிமன்றம் 16 நெறிமுறைகளை வகுத்தது. எஃப்.ஐ.ஆர். கட்டாயம். சி.ஐ.டி.யோ வேறு ஸ்டேஷன் போலீஸோ விசாரிக்க வேண்டும். மாஜிஸ்திரேட் விசாரணை வேண்டும். சுட்ட துப்பாக்கியைத் தடயவியல் சோதனைக்கு ஒப்படைக்க வேண்டும். சம்பவம் நடந்த கையோடு பதவி உயர்வோ வீரப் பதக்கமோ கூடாது.

இதையெல்லாம் சொன்னால், "அப்ப போலீஸ்காரன் செத்தா பரவாயில்லையா?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. 1993-ல் பாலாற்றில் வீரப்பன் கும்பல் வைத்த கண்ணிவெடியில் 22 பேர் செத்தார்கள். நிஜமான ஆபத்தில், நிஜமாகத் திருப்பிச் சுடும் போலீஸ்காரர்கள் இருக்கிறார்கள். எல்லா என்கவுன்டருக்கும் ஒரே கதை எழுதும்போது அவர்களுடைய உண்மைக் கதையும் நம்ப முடியாததாகிவிடுகிறது. நேர்மையான விசாரணை அவர்களுக்கும் தேவை.

*

மறுபடி சட்டன்பள்ளி. நெறிமுறைகள் வந்து ஐந்து வருடம் ஆகியும், அங்கே முதலில் பதிவான எஃப்.ஐ.ஆர். செத்துப்போன அந்த நான்கு பேர் மேல்தான்.

உச்ச நீதிமன்றம் முன்னாள் நீதிபதி வி.எஸ். சிர்புர்கர் தலைமையில் மூவர் ஆணையத்தை அமைத்தது. ராஜீவ் கொலை வழக்கை விசாரித்ததால் நமக்குத் தெரிந்த டி.ஆர். கார்த்திகேயன் அதில் ஓர் உறுப்பினர். 2022 மே மாதம் அறிக்கை வெளியானது. துப்பாக்கியைப் பிடுங்கினார்கள் என்பது ஜோடிக்கப்பட்ட கதை. சாகடிக்கும் நோக்கத்தோடே சுட்டிருக்கிறார்கள். பத்து போலீஸார் மீது கொலை வழக்கு நடத்த வேண்டும். இன்னொரு வரியும் இருந்தது. செத்த நால்வரில் மூன்று பேர் அப்போது பதினெட்டு வயது நிரம்பாதவர்கள்.

அறிக்கை வந்த அன்று எந்தக் குழுவிலும் யாரும் எதுவும் போடவில்லை. நானும் போடவில்லை.

அவர்கள் அப்பாவிகள் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது, யாருக்குமே இனித் தெரியப்போவதில்லை. அந்தப் பெண்ணுக்கு என்ன நடந்தது, யார் செய்தது, எத்தனை பேர் என்று சாட்சியங்களைப் பரிசோதித்து ஒரு நீதிமன்றம் சொல்லும் வாய்ப்பு அந்தக் காலையோடு போய்விட்டது. பிடிபட்டவர்கள் தப்பான ஆட்களாக இருந்திருந்தால்? செய்தவர்கள் வெளியே நடமாடுகிறார்கள். சரியான ஆட்கள்தான் என்றால்? அப்போதும் அவளுடைய வழக்கில் ஒரு தீர்ப்பு இல்லை. அவர்களோடு சேர்த்து அவளுடைய வழக்கும் அற்றுப்போனது.

2024-ல் சென்னையிலும் என்கவுன்டர்கள் நடந்தன. அதே குழுவில் அதே உற்சாகம். ஒருவன் கேட்டான், "என்னடா, சைலண்டா இருக்க?" ஸ்க்ரோல் பண்ணி 2019-க்குப் போனேன். என் மெசேஜைக் கண்டுபிடித்து, அதற்குக் கீழேயே ரிப்ளை போட்டேன்: "இத நான் தப்பா சொல்லிட்டேன்."

ரெண்டு நீல டிக் வந்தது. பதில் எதுவும் வரவில்லை.