வெப்பமும் அணுக்கருவின் சமச்சீர்ச் சக்தியும்

1987 பெப்ரவரி 23ஆம் திகதி, தென்வானிலுள்ள பெரிய மகெலன் முகிலில் வெடித்துச் சிதறிய விண்மீனொன்றின் ஒளி பூமியை வந்தடைந்தது. தம்பிலுவில் கடற்கரையில் நின்று திருக்கோவில் பக்கமாகத் தெற்கே நோக்கினால், அடிவானுக்கு மேல் ஏறத்தாழ 14 பாகை உயரம் வரை எழும் இடத்தில், வெறுங்கண்ணுக்கே தெரியுமளவில் அது பிரகாசித்தது. அத்தகைய வெடிப்புக்கு ஏதுவாகும் காரணிகளுள் ஒன்று, அணுக்கருவின் 'சமச்சீர்ச் சக்தி' வெப்பத்தினால் மாறுவதாகும்.

நெற்களஞ்சியத்தில் அருகருகே இரண்டு மூட்டை அடுக்குகள் இருப்பதாகக் கொள்வோம். ஒன்று புரோத்தன்களுக்குரியது; மற்றையது நியூத்திரன்களுக்குரியது. ஒரே வகைத் துணிக்கைகள் இரண்டு ஒரே நிலையில் இருக்க முடியாது என்பது பவுலியின் விதி. ஆகவே, ஒரு புரோத்தனை நியூத்திரனாக மாற்றுவது, ஓர் அடுக்கின் உச்சி மூட்டையை இறக்கி, அதைவிட உயர்ந்த மற்றைய அடுக்கின் உச்சியில் ஏற்றுவதை ஒக்கும். அடுக்குகளின் உயர வேறுபாடு கூடக்கூடச் செலவாகும் சக்தியும் கூடும். அச்செலவே சமச்சீர்ச் சக்தி எனப்படுகிறது.

வைசாக்கர் 1935இல் வகுத்த சமன்பாட்டின் வழியே இதனைக் கணிக்கலாம். 26 புரோத்தன்களும் 30 நியூத்திரன்களும் கொண்ட இரும்புக் கருவில் இது சுமார் 7 மெகா இலத்திரன்வோற்று மட்டுமே. 82 புரோத்தன்களும் 126 நியூத்திரன்களும் கொண்ட ஈயத்திலோ 200ஐத் தாண்டுகிறது.

வெப்பம் இதனை இரு விதமாகப் பாதிக்கிறது. வெப்பநிலை ஒரு மெகா இலத்திரன்வோற்று அளவை, அதாவது ஏறத்தாழ 1,160 கோடி கெல்வினை, நெருங்கும்போது கருவினுள் துணிக்கைகளின் பயனுறு திணிவு குறைகிறது. மூட்டைகள் தடித்தாற்போல் நிலைகளுக்கிடையிலான இடைவெளி விரிவதால் சமச்சீர்ச் சக்தி உயர்கிறது. இவ்வுயர்வு நூற்றுக்கு 8 வீதமளவில் இருக்கலாமென 1994இல் இத்தாலிய விஞ்ஞானிகள் கணித்தனர். வெப்பம் அதற்கும் மேலே பன்மடங்கு ஏறினால் கரு வீங்கி அடர்த்தி குறைகிறது. நிலைகளின் ஒழுங்கும் குலைகிறது. அப்போது சமச்சீர்ச் சக்தி வீழ்ச்சியடைகிறது. கொல்கத்தாவின் சாகா அணுக்கருப் பௌதிக நிறுவன ஆய்வாளர்களும் இத்துறையில் கணிப்புகளைச் செய்துள்ளனர்.

சில வீத மாற்றத்துக்கு ஏன் இத்தனை முக்கியத்துவம் என்று வாசகர்கள் வினவலாம். தமிழ்க் குடும்பத்தில் பிறந்து, சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, 1983இல் நோபல் பரிசு பெற்ற சுப்பிரமணியன் சந்திரசேகர் கண்ட எல்லை, சூரியத் திணிவின் ஏறத்தாழ 1.4 மடங்காகும். பெரு விண்மீனின் இரும்பு மையம் அதனைக் கடந்ததும், தன்னைத் தாங்க முடியாமல் ஒரு செக்கனுக்குள் சரிகிறது. அங்கு நிலவும் வெப்பநிலையும் மேற்கூறிய ஒரு மெகா இலத்திரன்வோற்றை அண்டியதே. மையத்தைத் தாங்கிநிற்கும் இலத்திரன்களைப் புரோத்தன்கள் விழுங்கி நியூத்திரன்களாகின்றன, நியூத்திரினோக்கள் வெளியேறுகின்றன. சமச்சீர்ச் சக்தி உயர்ந்தால் இம்மாற்றம் தடைப்படும். இலத்திரன்கள் அதிகமாக எஞ்சும். பின்னர் எழும் அதிர்வலை கூடுதல் வலுவுடன் புறப்படும்.

வெடிப்பை இது ஒன்றே தீர்மானிப்பதில்லை என்பது உண்மையே. ஆயினும், நாம் சுவாசிக்கும் ஒட்சிசனின் பெரும்பகுதி இத்தகைய விண்மீன்கள் வெடித்து வாரியிறைத்ததே. 1987இல் ஜப்பானின் கமியோக்கண்டே ஆய்வுக்கூடம் பற்றிய பத்துக்கு மேற்பட்ட நியூத்திரினோக்கள், அவ்வாறு சரிந்த மையமொன்றிலிருந்து வந்த சாட்சிகளாகும்.