மண்ணெண்ணெய்த் தட்டு: அம்பத்தூர் வட்டாரத்தில் எஞ்சின் கழுவிய காலம்

மேனாம்பேட்டை உள்ளடக்கிய அம்பத்தூர் வட்டாரம், ஏரிப்பாசன ஊர்களின் தொகுதியாக இருந்த நிலை மாறி, எந்திரத் தொழிலின் களமாக உருவெடுக்க இருபது ஆண்டுகள்கூடத் தேவைப்படவில்லை. 1949இல் டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் அம்பத்தூரில் தொடங்கியது. 1961இல் ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலையும், அதையொட்டிய ஆண்டுகளில் பாடியில் லூகாஸ் டிவிஎஸ், பிரேக்ஸ் இந்தியா ஆகியவையும், 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டையும் அமைந்தன. இரும்பையும் எண்ணெயையும் அன்றாடம் கையாண்டவர்கள் குடியேறிய இத்தகைய பகுதிகளில், கழற்றிய எஞ்சின் பாகங்களைத் தட்டில் ஊற்றிய மண்ணெண்ணெயில் ஊறவைத்துத் தேய்க்கும் பட்டறை வழக்கம், வீட்டு வாசலுக்கும் இயல்பாகவே வந்து சேர்ந்தது.

கிரீஸ் என்பது கனிம எண்ணெயைச் சோப்பு வகைப் பொருளால் கெட்டியாக்கியது. ஆகவே தண்ணீருக்கு இளகாத அது, தன் இனத்தைச் சேர்ந்த மண்ணெண்ணெயில் எளிதில் கரைகிறது. மண்ணெண்ணெய் மெல்ல ஆவியாவதோடு, துரு பிடிக்காதபடி மெல்லிய எண்ணெய்ப் படலத்தையும் விட்டுச் செல்கிறது. பெட்ரோலைவிட அது பாதுகாப்பானது என்பது உண்மையே. எனினும் அதன் ஆவி தீப்பற்றக்கூடிய வெப்பநிலைக்கு இந்தியத் தரநிர்ணயம் வகுத்த கீழ்வரம்பு 35 டிகிரி செல்சியஸ்தான் என்பதையும், சென்னையின் கத்திரி வெயில் 40 டிகிரியைத் தாண்டுவதையும் சேர்த்துப் பார்த்தால், அந்தப் பாதுகாப்பு எவ்வளவு குறுகியது என்பது விளங்கும்.

வெளிப்பிசுக்கு கரைந்தாலும், எரிவறையில் இறுகிய கரி கரையாது. அம்பாசடர், சென்னையில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் போன்ற கார்களின் சிலிண்டர் ஹெட்டை அவ்வப்போது கழற்றி, பிஸ்டன் தலையில் கீறல் விழாதபடி மரத்துண்டாலோ பித்தளைத் தகட்டாலோ கரியைச் சுரண்டுவார்கள். பிறகு வால்வுகளை இருக்கையில் பொருத்தி, ஹெட்டைக் கவிழ்த்து, எரிவறைக் குழியில் மண்ணெண்ணெய் ஊற்றிக் கசிகிறதா என்று பார்ப்பதும் உண்டு. கழுவிய திரவமே சோதிக்கும் திரவமாகவும் ஆன இந்த இடத்தில், சுத்தம் செய்வதும் பழுது பார்ப்பதும் ஒரே வேலையாகிவிடுகின்றன. வார்ப்பிரும்பு ஹெட்டைக் கழுவ ஒத்துவந்த காஸ்டிக் சோடாக் கரைசல் அலுமினியத்தை அரித்துவிடும் என்பதால், 1983இல் அலுமினிய ஹெட்டுடன் மாருதி 800 வந்தபின் அந்த முறையில் எச்சரிக்கை இன்னும் கூடுதலாகத் தேவைப்பட்டது.

பின்னாளில் இவ்வழக்கத்தின் சூழல் மாறியது. பொது விநியோக மண்ணெண்ணெயைச் சமையலுக்கும் விளக்குக்கும் மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்று 1993ஆம் ஆண்டு ஆணை வரையறுத்தது. 2000இல் ஈயம் கலந்த பெட்ரோல் விற்பனை நாடெங்கும் நின்றது. கார்புரேட்டரின் இடத்தை எரிபொருள் பீய்ச்சும் முறை பிடிக்க, எஞ்சினை வீட்டில் திறக்க வேண்டிய தேவையும் அருகியது.

இவ்வழக்கத்தின் திறமை போற்றப்பட்ட அளவுக்கு அதன் கேடு பேசப்படவில்லை. ஈயம் கலந்த பெட்ரோல் எரிந்த அந்நாளில் வெறுங்கையால் சுரண்டப்பட்ட கரியில் ஈயச் சேர்மங்கள் இருந்தன. 1989இல் வந்த அபாயகரக் கழிவு விதிகள் தொழிற்சாலைகளைக் கருதி எழுதப்பட்டவை. வீட்டு வாசலில் கறுத்துப்போன தட்டு மண்ணெண்ணெய், அவற்றின் கண்ணில் படாமலே தெருவோரக் கால்வாயில் கலந்தது.